கல்லில் பதிந்த கால் யாருடையது?

வாத்தியார் பதில்கள்

இந்த மாதம் பதினோரு கடிதம். அதில் ஏழு கடிதம் ஒரே காணொளியைப் பற்றி. அமெரிக்காவில் ஓர் ஆற்றுப் படுகை, அதில் டைனோசரின் மூன்று விரல் தடம், அதற்குப் பக்கத்திலேயே மனிதப் பாதம் மாதிரி இன்னொரு தடம், பின்னணியில் இடி முழக்கம், கடைசியில் "டார்வின் தோற்றார்" என்று சிவப்பு எழுத்து. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆள் என் சம்பந்தி. அவருக்கு நேரில் பதில் சொல்ல முடியாது, குடும்பம் இருக்கிறது. ஆகவே பாகற்காய்ச் சாறு பற்றிக் கேட்டவரும் ஈபிஎஃப் பணம் பற்றிக் கேட்டவரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் படிவம் நான்கு படிக்கிறான். எங்கள் கிறிஸ்தவச் சபையின் இளையோர் முகாமில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்களாம். "மனிதனும் டைனோசரும் ஒன்றாக வாழ்ந்தார்கள், பள்ளியில் சொல்வது பொய்" என்று வந்து நிற்கிறான். உயிரியல் ஆசிரியை வேறு மாதிரி சொல்கிறார். இரண்டு பேருமே நல்லவர்கள். நான் பிள்ளைக்கு என்ன சொல்ல? (பெயர் வேண்டாம் என்ற தாய், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: முதலில் அந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. டெக்சாஸ் மாநிலத்தில் க்ளென் ரோஸ் என்று ஒரு சிற்றூர். பலக்ஸி ஆறு அதை ஒட்டிப் போகிறது. ஆற்றின் அடி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலோரச் சேறு. அந்தச் சேற்றில் டைனோசர்கள் நடந்தன, சேறு இறுகிக் கல்லானது. 1908-இல் பெரிய வெள்ளம் வந்து மேலே கிடந்ததை அடித்துக்கொண்டு போனதும் தடங்கள் வெளியே தெரிந்தன. இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டைக்கு விதை போட்டது வறுமை. 1930-களின் பொருளாதார மந்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரப்பர் விலை விழுந்து, நம் ஆட்களைத் தோட்டத்திலிருந்து கிளப்பிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அதே காலம். க்ளென் ரோஸ்காரர்களுக்கும் கையில் காசில்லை. ஆற்றிலிருந்து டைனோசர் தடத்தைப் பெயர்த்து விற்றார்கள். நல்ல தடம் தீர்ந்ததும் சிலர் உளியை எடுத்துத் தாங்களே செதுக்க ஆரம்பித்தார்கள். டைனோசர் கால் செதுக்கினார்கள். ராட்சத மனிதக் காலும் செதுக்கினார்கள், அதற்குக் கிராக்கி அதிகம்.

1938-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடிப் போன ரோலண்ட் பேர்ட் என்பவர், நியூ மெக்சிகோவில் ஒரு கடையில் அப்படிப்பட்ட ராட்சதப் பாதங்களைப் பார்த்தார். செதுக்கியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு க்ளென் ரோஸுக்கே போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது யானையைத் தூக்கிச் சாப்பிடும் அளவு பரிசு: நீண்ட கழுத்து டைனோசர் நடந்துபோன தடவரிசை. 1940-இல் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். இன்றும் அங்கே இருக்கிறது. பொய்யான கால் ஒன்று நிஜமான காலுக்கு வழிகாட்டியது, அதுவும் நடந்தது.

பேர்ட் "இது போலி" என்று எழுதியிருந்தும், 1961-இல் வந்த ஒரு படைப்புவாதப் புத்தகம் (எல்லா உயிரையும் கடவுள் அப்படியே படைத்தார், பரிணாமம் இல்லை என்கிற கட்சி) அப்படிப்பட்ட பாதங்களின் படங்களைச் சான்றாகப் போட்டுக்கொண்டது. பைபிளின் ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில் இராட்சதர் வருகிறார்கள், இதோ அவர்கள் கால் என்று. எழுபதுகளின் தொடக்கத்தில் திரைப்படமும் வந்தது. சபை சபையாக ஓடியது.

இப்போது நீங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது வருகிறது. அந்தப் படம் என்ன ஆனது தெரியுமா? 1980 முதல் கிளென் கியூபன் என்ற இளைஞர், கோடையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், ஒவ்வொரு தடமாகக் கழுவி, அளந்து, வரைந்து வைத்தார். ஒரு டெக்சாஸ் பள்ளி ஆசிரியரும் அவரோடு சேர்ந்துகொண்டார் (என் இனம், சொல்லாமல் விட மனமில்லை). 1985-இல் அவர்கள் படைப்புவாதத் தலைவர்களையே ஆற்றுக்குக் கூப்பிட்டு, "நீங்களே குனிந்து பாருங்கள்" என்றார்கள். வந்தார்கள், பார்த்தார்கள். மனிதக் கால் என்று சொல்லப்பட்ட குழிகளின் முன்பக்கத்தில் மூன்று விரல்கள் நிறமாகத் தெரிந்தன. அது எப்படி என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். 1986-இல் அமெரிக்காவின் முன்னணிப் படைப்புவாத ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் மோரிஸ், பரிணாமத்துக்கு எதிராகப் பலக்ஸித் தடங்களை இனிமேல் பயன்படுத்துவது முறையல்ல என்ற பொருளில் எழுதினார். படத்தைத் தயாரித்த கிறிஸ்தவ நிறுவனம் அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று இன்றும் நம்பும் பெரிய அமைப்புகளே, "இந்த வாதத்தைச் சொல்லாதீர்கள்" என்று தங்கள் ஆட்களை எச்சரிக்கின்றன.

ஆக, முகாமில் காட்டியவர் பொய்யர் இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகனிடம் "யார் பொய் சொன்னார்கள்" என்று கேட்காதீர்கள். "யார் ஆற்றில் இறங்கிப் பார்த்தார்கள்" என்று கேளுங்கள். இறங்கிப் பார்த்தவர்களில் நம்பிக்கைக்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வயசுப் பிள்ளைக்கு அது முக்கியம்.

கேள்வி: மூன்று விரல் டைனோசர் கால் எப்படி சார் மனிதன் கால் மாதிரி ஆகும்? விரல் எங்கே போச்சு? (மாணவன், பாயான் லெப்பாஸ்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. உனக்கு ஒரு வீட்டு வேலை தருகிறேன், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய்.

காலை பசாருக்குப் போகும்போது இரண்டு கோழிக்கால் வாங்கி வா. சூப்புக்கு விற்பார்களே, விரலோடு மஞ்சள் தண்டும் சேர்ந்தது. பின்பக்கம் ஒரு குட்டி விரல் இருக்கும், அதை வெட்டிவிடு. இப்போது மூன்று விரல். கோதுமை மாவை இறுக்கமாகப் பிசைந்து, கோழி நடப்பது மாதிரி விரலை மட்டும் அழுத்து. அழகான மூன்று விரல் தடம் கிடைக்கும். அடுத்து மாவில் இன்னும் தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள். இந்த முறை விரலோடு சேர்த்து அந்த மஞ்சள் தண்டையும் படுக்கவைத்து அழுத்து. பின்னால் நீளமாக ஒரு குதிகால் வந்துவிட்டதா? நாம் கோழிக்கு முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் கணுக்கால். அதற்குக் கீழே உள்ள தண்டு முழுக்கப் பாத எலும்புதான். கோழி அதைத் தூக்கிக்கொண்டே நடக்கும். பலக்ஸியில் நடந்த மூன்று விரல் டைனோசர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன, ஆனால் சில சமயம் அந்தத் தண்டையும் தரையில் வைத்து நடந்திருக்கின்றன. அந்தத் தடங்கள் நீளமாக வந்தன.

இன்னும் மனிதக் கால் ஆகவில்லை, விரல் இருக்கிறது. இப்போது காலை மெல்ல வெளியே எடு. தளர்ந்த மாவு விரல் குழிக்குள் சரிந்து மூடும். விரல் மெலிசானது, அதன் குழி சீக்கிரம் மூடும். நடுப்பாதமும் குதிகாலும் அகலமானவை, அவை நிற்கும். மிச்சம் என்ன? முன்னால் கொஞ்சம் அகன்று, பின்னால் குறுகி, நீளமாக ஒரு குழி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றரை அடி மனிதப் பாதம்!

போன வருடம் என் பேரனை தெலோக் ஆயர் தாவார் கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். நீர் வற்றியிருந்த நேரம். கரையோரம் கெட்டி மண், என் ஐந்து விரலும் ரேகையோடு விழுந்தன. பத்தடி தள்ளிப் போனதும் கணுக்கால் வரை இறங்கியது. காலைப் பிடுங்கினால் 'ப்ளக்' என்று சத்தம், குழியில் விரல் அடையாளமே இல்லை. பேரன் திரும்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கடைசியில் நடந்தது நீங்க இல்லை, யானை" என்றான். ஒரே கிழவன், ஒரே கால், பத்தடிக்குள் இரண்டு மிருகம். தடத்தில் பாதி கால், பாதி சேறு.

கடைசி வேலை. இன்னொரு தடம் அழுத்தி, விரல் மூடுவதற்குள் அந்தக் குழியில் மைலோ கலந்த மாவைப் பூசி நிரப்பிவிட்டு மேலே கத்தியால் வழித்துச் சமப்படுத்து. தொட்டுப் பார்த்தால் மேடு பள்ளம் இருக்காது. ஆனால் மூன்று விரல் பழுப்பு நிறத்தில் அப்படியே தெரியும். பலக்ஸியில் நடந்தது அதுதான். குழிக்குள் வேறு நிறச் சேறு வந்து படிந்து, அதுவும் கல்லாகிவிட்டது. சுற்றியுள்ள கல்லுக்கும் அதற்கும் நிறம் வேறு. ஆழத்தை மட்டும் தேடியவர்கள் மனிதனைப் பார்த்தார்கள். நிறத்தைப் பார்த்தவர்கள் டைனோசரைப் பார்த்தார்கள்.

கோழிக்காலை வீணாக்காதே. மாவைக் கழுவிவிட்டுச் சூப்பு வைக்கச் சொல்.

கேள்வி: சார், என்னை ஞாபகம் இருக்காது. 1979-இல் கெடாவில் எங்கள் தோட்டப் பள்ளியில் நீங்கள்தான் அறிவியல் எடுத்தீர்கள். "உலக அதிசயம்" என்று எழுதி ஒரு ராட்சதப் பாதத்தின் படத்தை வகுப்புப் பலகையில் ஒட்டினீர்களே. இப்போது காணொளி அனுப்புகிறவர்களைக் கிண்டல் செய்கிறீர்கள். நியாயமா? (பழைய மாணவர், சுங்கை பட்டாணி)

பதில்: நியாயமில்லை. மாட்டிக்கொண்டேன்.

ஒட்டியது உண்மை. சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் கிடைத்த படம். எனக்கு இருபத்தாறு வயது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. கத்தரித்து ஒட்டிவிட்டேன். அந்த வாரமே ஒரு மாணவியின் பாட்டி, பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு, பேத்தியைக் கூப்பிட வகுப்புக்குள் வந்தவர், அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் வாத்தியாரே, இந்த ஆளுக்கு எல்லா விரலும் ஒரே நீளமா இருக்கு?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது, பயிற்சிக் கல்லூரிக்குப் போன எனக்குத் தெரியவில்லை.

வெட்கம் இரட்டிப்பாகக் காரணம் இருக்கிறது. என் அப்பா அம்மி கொத்துகிறவர். ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருத் தெருவாகப் போவார். சைக்கிளில் ஒரு சாக்கு, அதற்குள் ஆறு உளி, ஒரு சுத்தி. அம்மி மழமழவென்று தேய்ந்துபோனால் மிளகாய் நழுவும், அரையாது. அப்பா உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கொத்தி விடுவார். கொத்திய இடமெல்லாம் கல் நசுங்கி வெள்ளையாகப் பூத்திருக்கும். முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு அரைத்து அதைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பில் கல் நெறுநெறுக்கும். உளி பட்ட கல் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தாய்ப்பால் மாதிரி. அப்படியிருந்தும் படத்தில் ஏமாந்தேன்.

செதுக்கியதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, அறுத்துப் பார்ப்பது. நிஜமான கால் சேற்றை மிதித்தால், கீழே இருக்கும் மெல்லிய படுகைகள் எல்லாம் காலுக்கு ஏற்ப வளைந்து அமுங்கும். மெத்தையில் உட்கார்ந்தால் அடியில் உள்ள விரிப்பும் சேர்ந்து அமுங்குகிற மாதிரி. உளியால் தோண்டினால் படுகைகள் வளையாது, கத்தி போட்ட அடுக்குக் கேக் மாதிரி வெட்டுப்பட்டு நிற்கும். எழுபதுகளில் லோமா லிண்டா பல்கலைக்கழகக்காரர்கள் க்ளென் ரோஸ் 'மனிதத் தடம்' கற்களை அறுத்துப் பார்த்து, செதுக்கியது என்று எழுதினார்கள். அது அட்வென்டிஸ்ட் சபையின் பல்கலைக்கழகம். படைப்பை நம்புகிறவர்கள். 1975-இலேயே சொல்லிவிட்டார்கள். நான் 1979-இல் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டியின் பேத்தி உங்கள் வகுப்புதான். தொடர்பில் இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: டெக்சாஸ் வரைக்கும் போவானேன்? நம் பத்து மாவுங்கில் பாறைமேல் பெரிய பாதம் இருக்கிறது. சீனர்கள் கோயில் கட்டி, சாம் போ என்கிற செங் ஹோவின் கால் என்கிறார்கள். மலாய்க்காரர்கள் கெடெம்பாய் என்ற பூதத்தின் கால் என்கிறார்கள். நம்மவர்கள் அனுமார் பாதம் என்கிறார்கள். அதைப் பற்றி எழுத உங்களுக்குத் துணிச்சல் உண்டா? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: துணிச்சலுக்கு என்ன, பஸ் காசுதான் செலவு. இரண்டு முறை போயிருக்கிறேன். கும்பிட்டுவிட்டும் வந்திருக்கிறேன்.

பினாங்குத் தீவின் பாறை பெரும்பாலும் கிரானைட், அதாவது அப்பா கொத்திய அதே கருங்கல் வகை. அது சேறாக இருந்ததே இல்லை. பூமிக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல ஆறி இறுகியது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு முந்தைய சங்கதி. அது இளகியிருந்தபோது மேலே கால் வைக்க இடமே கிடையாது, வைத்தால் காலும் மிஞ்சாது. இறுகியபின் வைத்தால் குழி விழாது. மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப்போய் வெளியே வந்த பிறகு, மழை நீர் ஒரு சின்னப் பள்ளத்தில் தேங்கித் தேங்கி, அங்கே உள்ள மணிகளைத் தளர்த்தி, பள்ளத்தைப் பெரிதாக்கும். பினாங்குப் பாறைகளில் இப்படி நூறு குழி காட்டலாம். பெரும்பாலானவை சட்டி மாதிரி இருக்கும், ஏதோ ஒன்று பாதம் மாதிரி அமையும். சட்டி மாதிரி இருப்பதற்கு யாரும் கோயில் கட்டுவதில்லை.

செங் ஹோவின் கடற்பயணங்கள் 1405 முதல் 1433 வரை. அவர் வந்த கடல் இது என்பதில் சந்தேகம் வேண்டாம். கால் வைத்தாரா என்பது பக்தி. இலங்கையில் சிவனொளிபாத மலை உச்சியிலும் இதே கதைதான். நமக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். பதினான்காம் நூற்றாண்டில் இபன் பதூதா ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரே குழியை இத்தனை பேர் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றால், யாரும் அதை ஆய்வுக்கூடச் சான்று என்று தூக்கிக்கொண்டு அலையவில்லை என்பதுதான் காரணம். பத்து மாவுங்கிலும் அப்படியே. அங்கே ஊதுபத்தி ஏற்றுகிற ஆச்சி யாருடைய பாடப்புத்தகத்தையும் மாற்றச் சொல்லவில்லை. அவரிடம் போய் கிரானைட் பாடம் நடத்த எனக்கு வாய் வராது. நீங்கள் கேட்டதால் உங்களுக்குச் சொன்னேன்.

கேள்வி: கிறிஸ்தவர்கள் உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்கிறார்கள். நம் முன்னோர் அன்றே கோடிக்கணக்கான ஆண்டு கணக்குப் போட்டார்கள். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, விஞ்ஞானம் சொல்லும் பூமியின் வயது 454 கோடி. இந்து மதமே விஞ்ஞானம் என்று ஏன் எழுத மறுக்கிறீர்கள்? (வாசகர், கோலாலம்பூர் செந்தூல்)

பதில்: எண் கிட்டத்தில் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் 432 கோடி என்பது ஒரு பகல். அந்தக் கணக்கில் உலகம் அழிந்து அழிந்து மறுபடி வரும். பூமியின் 454 கோடி என்பது யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்து, விண்கற்களையும் சேர்த்து அளந்து கண்டது. என் வீட்டு எண்ணும் உங்கள் கார் எண்ணும் ஒன்றாக இருந்தால் நாம் பங்காளி ஆகிவிட மாட்டோம்.

நீங்கள் கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒரு விஷயம். 1993-இல் அமெரிக்காவில் கிருஷ்ண பக்தர்கள் இரண்டு பேர் ஒரு தலையணைப் புத்தகம் போட்டார்கள். மனிதன் கோடானுகோடி ஆண்டுகளாக இருக்கிறான், விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்று. அவர்கள் எடுத்துவைத்த சான்றுகளில் ஒன்று, 1968-இல் யூட்டா மாநிலத்தில் கிடைத்த 'செருப்புத் தடம்'. டிரைலோபைட் என்ற பழங்காலக் கடல் பூச்சி தேடிப் போனவர் ஒரு பலகைக் கல்லைப் பிளந்தார், உள்ளே செருப்பு வடிவம், குதிகால் பக்கம் ஒரு டிரைலோபைட். ஐம்பது கோடி ஆண்டுக் கல். இதே கல்லைப் படைப்புவாதிகளும் 'பார், உலகம் இளசு' என்று காட்டினார்கள். ஒரே கல், ஒரு கட்சிக்கு உலகம் ஆறாயிரம் ஆண்டு, இன்னொரு கட்சிக்கு மனிதன் ஐம்பது கோடி ஆண்டு! அந்த வகைக் கல் வட்டம் வட்டமாகப் பொருக்கு விட்டு உடையும், அதில் ஒன்று செருப்பு மாதிரி அமைந்துவிட்டது. அடுத்த காலடி அங்கே இல்லை. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போனவனும் இரண்டாவது தடத்தை விடுவான்.

உங்கள் பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் வருவது. உள்ளே சுருள் சுருளாகச் சக்கரம் தெரிகிறதே, அது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு, டைனோசர் காலத்தது. இமயமலையில் கடல் உயிர் எப்படி வந்தது என்று கேட்டால் அது தனிக் கதை, கடலடியே மடிந்து மலையானது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் மனைவி துளசி வைக்கிறாள், நான் பூதக்கண்ணாடி வைக்கிறேன். இதுவரை வீட்டில் சண்டை வந்ததில்லை, துளசியை நான் கீழே தட்டிவிட்ட நாள் தவிர.

கேள்வி: மலேசியாவில் டைனோசர் இருந்ததா? (மாணவி, நிபோங் திபால்)

பதில்: இருந்தது. 2014-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை அறிவித்தார்கள். மீன் தின்னும் ஸ்பைனோசர் வகை. பல்லின் நீளம் இரண்டு சென்டிமீட்டரும் கொஞ்சமும், உன் சுண்டுவிரல் நுனி அளவு. நாட்டின் முதல் டைனோசர் புதைபடிவம் அதுதான். கிடைத்த இடத்தை வெளியே சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் பாதிப் பேர் மண்வெட்டியோடு போயிருப்பார்கள், க்ளென் ரோஸ் கதை இங்கேயும் நடந்திருக்கும்.

கேள்வி: நீங்கள் எங்கள் வேதத்தை ஏற்காதவர். அதைப் பற்றிப் பேச என்ன உரிமை? விஞ்ஞானிகள் மட்டும் தவறே செய்யாதவர்களா? அவர்களுக்குள்ளேயே காலடித் தடங்களைப் பற்றிச் சண்டை இல்லையா? (ஒரு போதகர், பட்டர்வொர்த்)

பதில்: போதகர் ஐயா, வேதத்தைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. கல்லைப் பற்றி மட்டும் பேசினேன். ஆறாயிரம் என்ற கணக்கும் வேதத்தில் எழுதியிருப்பதல்ல. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004 என்று போட்ட கணக்கு. பெரிய படிப்பாளி, அந்தக் காலத்துக்கு நேர்மையான உழைப்பு. ஆனால் எல்லாக் கிறிஸ்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் எழுதினார். அது வெறும் கருதுகோளைவிட மேலானது என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் சொன்னார். நம் செயிண்ட் ஆன்ஸ் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாமில் கூடுகிற கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தப் போப்புகளின் ஆட்கள்தான்.

விஞ்ஞானிகள் தவறு செய்தார்களா என்றால், செய்தார்கள். தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்த தடங்கள் உண்டு, 36 லட்சம் ஆண்டு பழையவை. 1976-இல் அங்கே கிடைத்த சில தடங்களைக் கரடியின் கால் என்று சந்தேகித்து ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே 1978-இல் மேரி லீக்கியின் குழுவுக்கு ஐயமில்லாமல் நிமிர்ந்து நடந்தவர்களின் தடவரிசை கிடைத்ததும் உலகமே அதைப் பார்த்தது, 'கரடி' மறந்துபோனது. நாற்பது வருடம் கழித்து மறுபடி மண்ணை விலக்கி அளந்து, நிஜக் கரடிகளையும் சேற்றில் நடக்கவிட்டு ஒப்பிட்டு, அதுவும் மனித இனத்தின் உறவுக்காரக் கால்தான் என்று 2021-இல் எழுதினார்கள். அதே வருடம் நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் பகுதியில் 21,000 முதல் 23,000 ஆண்டு பழைய மனிதத் தடங்கள் என்று ஒரு குழு சொன்னது. "நீர்ச்செடி விதையை வைத்துக் கணக்குப் போட்டது தப்பு, அது தண்ணீரில் கரைந்த பழைய கார்பனை உறிஞ்சும், வயதைக் கூட்டிக் காட்டும்" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான சண்டை. இரண்டு வருடம் கழித்து மகரந்தத்தையும் மணல் துகளையும் வேறு வழிகளில் அளந்து, அதே வயதுதான் என்று காட்டினார்கள். சண்டை இன்னும் முழுக்க ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கப்பாளா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பா போயிருக்கிறீர்களா? 2017-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். கடல்சிப்பி மேட்டில் புதைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 5,700 ஆண்டுக்கு முன். அஷர் கணக்குப்படி நோவாவின் வெள்ளம் வந்தது கி.மு. 2348. அதாவது அவளைப் புதைத்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து. உலகத்தையே மூழ்கடித்த வெள்ளம் என்றால் அந்தச் சிப்பி மேட்டை அது சும்மா விட்டது எப்படி? மேடுகளைக் கரைத்தது வெள்ளமில்லை. சுண்ணாம்புக்காக நம் ஆட்கள் தோண்டி விற்றுவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை உங்கள் இளையோரை அழைத்துக்கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன். தே தாரேக் என் செலவு.

கேள்வி: வீட்டு முன்வாசலுக்குப் புதுசாகச் சிமெண்ட் போட்டோம். காய்வதற்குள் பூனை நடந்து போய்விட்டது. ஆறு தடம். கொத்தனார் பூசி மறைக்க நூற்றிருபது ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா? (இல்லத்தரசி, பிறை)

பதில்: கொடுக்காதீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். நான்கு விரல், நகம் பதிந்திருக்காது, பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். பின்னங்காலை முன்னங்கால் தடத்துக்குள்ளேயே வைத்துப் போகும், அதனால் ஆறு தடம் என்று நீங்கள் எண்ணியது பெரும்பாலும் பன்னிரண்டு காலடி. விளிம்பில் சிமெண்ட் லேசாகப் பிதுங்கியிருந்தால் நல்ல ஈரத்தில் நடந்திருக்கிறது, நீங்கள் பூசிவிட்டு உள்ளே போன அரைமணிக்குள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்ததா என்று விசாரித்தால் பூனை யாருடையது என்பதும் தெரிந்துவிடும். கொத்தனாரிடம், "அந்த மூலையை அப்படியே விடுங்க அண்ணே" என்று சொல்லுங்கள். ஒட்டுப் போட்டாலும் மழைக்காலத்தில் நிறம் மாறித் தெரியத்தான் போகிறது.